கமராவுக்குப் போட்ட பந்து

எங்கள் கிரிக்கெட் கழகத்துக்குள் இந்த வசந்தத்தில் ஒரு புதுச் சாமான் புகுந்திருக்கிறது. கைத்தொலைபேசியை ஒரு முக்காலியில் பக்கவாட்டாக நிறுத்திவிட்டால், பந்து போடுபவரின் முழங்கை எவ்வளவு மடிந்து எவ்வளவு நிமிர்கிறது என்று அது பாகைக் கணக்கில் சொல்லிவிடுகிறது. சந்தேகமான கை வீச்சு உள்ளவர்கள் படம் பிடித்து அனுப்பி அனுமதி வாங்கிய பிறகுதான் பந்து போடலாம் என்று லீக் நிர்வாகம் அறிவித்ததும், வாட்ஸப் குழுவில் ஒரே அமளி. அன்று மாலையே கார்த்திக் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். சென்னையிலிருந்து வந்து மொன்றியல் நகரத்து ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர், எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர். கழகத்தின் ஆண்டு மலருக்கும் அவர்தான் பொறுப்பு.

"அங்கிள், சும்மா ஒரு டவுட். வீடியோ எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் ஸ்லோவா போட்டா பாஸ் ஆயிடும்ல? மேட்ச்ல வழக்கம் போல கைய மடக்கி மாங்கா அடிச்சுக்கலாம். நீங்க இங்கிலாந்துல கவுண்டி கிரிக்கெட் ஆடுனவரு, உங்களுக்குத் தெரியாத ட்ரிக்கா? அப்புறம் மலருக்கு உங்க இங்கிலாந்து எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஒரு கட்டுரை வேணும். ரெண்டு வருஷமா ஏமாத்துறீங்க."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு தனியாக இருந்து சிரித்தேன். ஏனென்றால் அந்தத் தந்திரத்தை நான் இதே ஊரில், ஏறக்குறைய இருபது குளிர்காலத்துக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டேன். அதில் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேர்ச்சியும் பெற்றேன். ஆகவே கார்த்திக்கின் இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு இங்கிலாந்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் வரவில்லை, பந்து திரும்பியது. அதனால் எல்லாரும் என்னோடு விளையாட வந்தார்கள். பதினேழு வயதில் ஒரு கவுண்டியின் இரண்டாவது அணி, இருபத்திரண்டில் முதல் அணி. சிவனேசன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் சிவா ஆயிற்று. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பந்து, சுட்டுவிரலின் உட்பக்கத்தில் காய்ப்பு, காய்ப்பு வெடித்தால் இரத்தம், இரத்தம் காய்ந்தால் மறுபடி பந்து. வலக்கை ஓஃப் ஸ்பின் என்பது அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சியாளரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கு இங்கிலாந்துக்காரர், முன்னாள் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். எல்லாரும் அவரைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுவோம். நான் வலைக்குள் பந்து போடும்போது அவர் பார்க்கவே மாட்டார். இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று காது கொடுப்பார். நன்றாகச் சுழலும் பந்து காற்றில் மெல்ல இரையும். இரைச்சல் கேட்டால் அசைய மாட்டார். கேட்காவிட்டால் திரும்பி, "என்ன செய்யப் பார்த்தாய்?" என்று கேட்பார். நான் ஏதோ சொல்வேன். சரியென்றும் சொல்லாமல் பிழையென்றும் சொல்லாமல் மறுபடி திரும்பிக்கொள்வார். அந்த ஒரே கேள்வியை அவர் ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லப் பதில் இல்லாத பந்து கெட்ட பந்து என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் துடுப்பாட்டக்காரர்கள் என்னைப் படித்துவிட்டார்கள். திரும்பும் பந்து ஒன்றுதான் இவனிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் முழங்காலை ஊன்றிக்கொண்டு என் பந்தைக் கூட்டி அள்ளி அடித்தார்கள். கவுண்டியில் சுழற்பந்து வீச்சாளருக்கு வருடா வருடம்தான் ஒப்பந்தம். பயம் பிடித்தது. அந்தப் பயத்தில் ஒரு விரைவுப் பந்து பழகினேன். அதே ஓட்டம், அதே கை வீச்சு, ஆனால் பந்து திரும்பாது. நேரே சட்டென்று வந்து காலில் பட்டு ஆளை ஆட்டமிழக்கச் செய்யும். இரண்டு பருவம் அது எனக்குச் சோறு போட்டது. பத்திரிகையில் படம்கூட வந்தது.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பந்தை வீசலாம், எறியக் கூடாது. கை தோளுயரத்துக்கு வந்த பிறகு, மடிந்திருந்த முழங்கை நிமிர்ந்து அந்த உதையில் பந்து போனால் அது எறி. பதினைந்து பாகைவரை பொறுப்பார்கள். அதற்கு மேலே போனால் நீங்கள் பந்து வீச்சாளர் இல்லை.

எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரிந்திருந்தது. விரைவுப் பந்து போட்ட மறுநாள் முழங்கையின் உட்பக்கம் விண் விண்ணென்று இடிக்கும். திரும்பும் பந்தால் அந்த இடம் நோகாது. முழங்கை இரண்டு வருடமாக என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் செய்ததெல்லாம் நீளக் கைச்சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டியதுதான். துணிக்குள் கை மடிவது அவ்வளவாகத் தெரியாது. என் போன்ற குற்றவாளிகள் எல்லாருக்கும் தெரிந்த வேலை அது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். பிட்ச் வெடித்துக் கிடக்கும் வெயில். துடுப்பாட்டக்காரருக்குப் பக்கவாட்டில், ஸ்குயர் லெக்கில் நின்ற நடுவர், பெயர் விட்கொம், ஓவர் மாறும்போது என் பக்கத்தால் நடந்தார். வயதானவர், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வெயிலுக்கு நீளக் கையா?" என்றார். அவ்வளவுதான். நான் மணிக்கட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அவர் எங்கள் உடைமாற்றும் அறைக்கு வந்தார். நடுவர்கள் அங்கே வருவது வழக்கமில்லை. வாசலில் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை வெளியே கூப்பிட்டார். "உன்னுடைய விரைவுப் பந்தைப் பற்றி இன்றைக்கு அறிக்கை எழுதப் போகிறேன். வேறு யாரோ சொல்லி நீ அதைக் கேட்கக் கூடாது, அதனால் வந்தேன்" என்றார். நான் கத்தினேன். நிறத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அப்படி எழுதிய நடுவர்கள் இருந்திருக்கலாம், அவர் அந்த ஆள் இல்லை என்று அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும். அவர் முழுவதையும் கேட்டார், தலையசைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அந்தச் சொல்லுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். திரும்பும் பந்து எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. விரைவுப் பந்து வெகு தூரம் தாண்டியது. மறு சோதனையில் தேறும்வரை பந்து போடத் தடை. மறு சோதனை மார்ச்சில். என் ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்பட வேண்டும். தேறாவிட்டால் முப்பத்தொரு வயதில், வேறொரு தொழிலும் தெரியாமல், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோச் என்னை அழைத்து, "எங்கேயாவது போ. இங்கே இருந்தால் எல்லாரும் உன் முழங்கையையே பார்ப்பார்கள்" என்றார்.

அக்கா மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் இருந்தா. நான் அங்கே போனேன்.

அப்போது லவாலுக்கு மெட்ரோ வரவில்லை. நவம்பர் பனியில் பஸ் ஏறி, ஆறு தாண்டி, பிறகு மெட்ரோ பிடித்து மொன்றியலுக்கு வர வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும். வகுப்பு முடிந்த பிறகு உடற்பயிற்சி மண்டபம் சும்மா கிடக்கும் என்று அக்கா விசாரித்து வைத்திருந்தா. மண்டபத்தின் சாவி ஓர் ஆசிரியையிடம் இருந்தது. பெயர் வதனி. கிழமை நாட்களில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர், சனிக்கிழமையில் அகரம் எழுதப் பழக்குபவர். அவரிடம் ஒரு வீடியோ கமராவும் இருந்தது. பிள்ளைகளின் கலைவிழாவைப் படம் பிடிக்க வாங்கியது.

அக்கா என்னை அறிமுகப்படுத்திய விதம் இது: "வதனி, இவன் என்ர தம்பி. லண்டன்ல பந்தெறியிற வேலை. இப்ப அதையும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்கள்."

"அக்கா, எறியிறது எண்டு சொல்லாதேங்கோ. அதுதான் இப்ப பிரச்சினையே" என்றேன்.

வதனி சிரிக்கவில்லை. "எத்தினை மணிக்கு முடிப்பியள்? ஐஞ்சு மணிக்கு நான் பூட்டோணும்" என்றார்.

அத்தான் புரோசார்ட்டில் ஒரு கம்பளக் கடையில் கழித்துவிட்ட நீளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அதுதான் பிட்ச். விக்கெட்டுக்குப் பதில் கார்டெரியிலிருந்து வந்த மூன்று செம்மஞ்சள் கூம்புகள். மண்டபத்துச் சூடேற்றியின் காற்றில் தோல் உலர்ந்து, விரல் காய்ப்பு கண்ணாடி போல வெடித்தது. அக்கா நல்லெண்ணெய் பூசிவிட்டா. பந்து வழுக்கியது. துடைத்துவிட்டுப் போட்டேன்.

வேலை எளிது, அலுப்பானது. வதனி கமராவை ஒரு கதிரையில் வைத்துச் சிவப்பு விளக்கு எரிந்ததும் "ஓம்" என்பார். நான் முப்பது பந்து போடுவேன். பிறகு இருவரும் நீள வாங்கில் உட்கார்ந்து, அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு பந்தையும் படம் படமாக நிறுத்திப் பார்ப்போம். நான் முழங்கையைக் காட்டி எதைப் பார்க்க வேண்டுமென்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பிள்ளைகள் 'ழ' எழுதும்போது எந்த வளைவில் பிழைவிடும் என்று பார்த்துப் பழகிய கண். இரண்டாம் கிழமையே என்னைவிட அவர் முதலில் கண்டுபிடித்தார்.

டிசம்பர் முடிவதற்குள் படத்தில் என் கை பிரம்பாக நின்றது. திரும்பும் பந்தும் சரி, விரைவுப் பந்தும் சரி. கோச்சுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இரைகிறதா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். அது முழுப் பொய் இல்லை, அரைப் பொய்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நான் வழக்கமான முப்பதைப் போட்டு முடித்தேன். வதனியை யாரோ ஒரு பிள்ளையின் தாய் வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் பந்து இருந்தது, மனதில் எரிச்சல் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் அணிக்காரர்கள் வெயில் நாட்டில் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். அந்த எரிச்சலில் இன்னும் பத்துப் பதினைந்து பந்து போட்டேன். கூம்புகள் பறந்தன. உடம்புக்கு நல்லாயிருந்தது.

அடுத்த கிழமை வதனி கமராவோடு வந்து வாங்கில் இருந்தார்.

"போன முறை இதை நிப்பாட்ட மறந்துபோனன். வீட்டை போய்த்தான் பாத்தனான். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். முப்பது பந்தும் வந்து போயின. பிறகு அந்தக் கடைசிப் பந்துகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கை மடிந்து நிமிர்ந்தது.

"இதில ரெண்டு பேர் பந்து போடுகினம்" என்றார் வதனி. "ஒராள் கமராவுக்குப் போடுறார். மற்றவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குக் கிரிக்கெட் தெரியாது, வதனி. அது சும்மா கோபத்தில போட்டது."

"எனக்குக் கிரிக்கெட் தெரியாதுதான். பிள்ளையளைத் தெரியும். நான் பாத்துக்கொண்டு நிண்டால் பொம்மையை அடுத்த பிள்ளைக்குக் குடுப்பினம். நான் அங்காலை திரும்பினால் பறிச்சுப்போடுவினம். நான் பாக்காத நேரம் என்ன செய்யினமோ, அதுதான் அந்தப் பிள்ளை."

"அப்ப நான் கார்டெரிப் பிள்ளையோ?"

"அதுகள் எண்டால் பேந்து வந்து 'சொறி மிஸ்' எண்டு சொல்லுங்கள்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தொப்பியை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்ததால் பஸ் தரிப்பில் காது விறைத்தது. திரும்பிப் போய் எடுக்கலாமென்றால் கௌரவம் விடவில்லை. வீட்டில் அக்காவிடம், "அந்தப் பெட்டை கொஞ்சம் வாய்" என்றேன். அக்கா உருளைக்கிழங்கு சீவியபடியே, "நீயும் குறைஞ்ச ஆளோ?" என்றா.

அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். நான் என்ன செய்திருக்கிறேன் என்று மெல்ல மெல்ல விளங்கியது. இரண்டு மாதமாக நான் பந்து வீசப் பழகவில்லை. சோதனையில் தேறத்தான் பழகியிருக்கிறேன். கமராவுக்கு மென்மையாக, அழகாக ஒரு பந்து. ஆட்டத்துக்கு வேறொரு பந்து. நீளக் கைச்சட்டையின் இடத்தில் இப்போது ஒரு முழு நடிப்பு. நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதுதான் கொடுமை. சிவப்பு விளக்கைக் கண்டதும் உடம்பு தானாகவே நல்ல பிள்ளை ஆகிவிட்டது. பந்து வீச்சாளர்களுக்கென்றே உள்ள முட்டாள்தனம் இது, வேறு தொழிலில் யாருக்காவது வருமோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமை போனேன். வதனி ஒன்றும் கேட்காமல் என் தொப்பியை நீட்டினார்.

"சொறி மிஸ்" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். கமராவின் சிவப்பு விளக்கின் மேல் வதனி கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினார். அதை எங்கே வைப்பார், எப்போது ஓட விடுவார் என்று எனக்குச் சொல்ல மாட்டார். ஒரு நாள் அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால் இருக்கும். ஒரு நாள் தமிழ்ப் புத்தகப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு நாள் எங்குமே இருக்காது, பையோடு வீட்டில் கிடக்கும். முதல் மூன்று கிழமை பார்க்க முடியாத கோலம். ஆனால் அது என் கோலம். அதைத் திருத்தலாம். தோளை இன்னும் பக்கவாட்டாகத் திருப்பினேன், முன்காலைக் கொஞ்சம் உள்ளே ஊன்றினேன், அவசரத்தை விட்டேன். பெப்ரவரி நடுவில் திரும்பும் பந்து ஒளித்து வைத்த கமராவிலும் நேராக நின்றது. அன்று நான் அந்தக் கம்பளத்தில் குந்தி அழுதேன். சந்தோஷத்தில்தான்.

விரைவுப் பந்து மட்டும் வசப்படவில்லை. வேகம் வேண்டுமென்று நினைத்ததும் முழங்கை திறந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அதே கதை.

"இதை மெல்லமாப் போட்டால் சரியா வருகுது" என்றார் வதனி, படத்தை நிறுத்தி.

"மெல்லமாப் போட்டால் அது விரைவுப் பந்தே இல்லை."

"அப்ப அங்க போய் எப்பிடிப் போடப் போறியள்?"

நான் பந்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

மார்ச்சில் அதே ஆய்வுகூடம். சட்டையைக் கழற்றச் சொல்லி, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒளியைத் திருப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டினார்கள். மண்டபத்தைச் சுற்றிவரக் கமராக்கள், எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு. ஒரு பத்திரமும் இருந்தது. 'இன்று வீசியது ஆட்டத்தில் வீசுவதைப் போன்றதே' என்று வீச்சாளரும் பயிற்சியாளரும் கையெழுத்திட வேண்டும். கோச் ஒரு மூலையில், இரண்டு கையும் பைக்குள், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

திரும்பும் பந்து போட்டேன். இரைந்தது. கோச் அசையவில்லை. இன்னும் போட்டேன். சோதனை செய்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நன்று. இனி விரைவுப் பந்து" என்றார்.

பந்தைக் கையில் எடுத்தேன். மென்மையாகப் போட்டால் தேறிவிடுவேன். இரண்டு பந்தும் கையில் இருக்கும், ஒப்பந்தம் கிடைக்கும். ஆட்டத்தில் எப்போதாவது ஒன்று, நெருக்கடியில் மட்டும். யார் காண்பார்? உடம்பு நல்ல பிள்ளையாகத் தயாராகிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு நியாயம் தர்மம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கதிரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஒரு பழைய கமராதான் ஞாபகம் வந்தது. ஓடி வந்து ஆட்டத்தில் போடுவது போலவே போட்டேன். ஆறு தடவை. முழங்கை விண்ணென்று இடித்தது.

கோச் திரும்பினார். "என்ன செய்யப் பார்த்தாய்?"

"வழக்கமாகச் செய்வதைத்தான்" என்றேன்.

அவர் மேசைக்கு நடந்து போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "இதில் கையெழுத்துப் போட எனக்குக் கஷ்டம் இருக்குமோ என்று பயந்து வந்தேன்" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான பாராட்டு அதுதான்.

முடிவு இரண்டு கிழமையில் வந்தது. திரும்பும் பந்துக்கு அனுமதி. விரைவுப் பந்துக்கு நிரந்தரத் தடை. ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம் தந்தார்கள். அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள். செய்தி பத்திரிகையில் வந்ததால் நாட்டிலுள்ள துடுப்பாட்டக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும், சிவாவிடம் ஒரே ஒரு பந்துதான் மிச்சம் என்று.

மே மாதத்தில் என் முதல் ஆட்டம். கடைசி நாள், தேநீருக்குப் பிறகு. எதிரணிக்கு வெற்றிக்குக் கொஞ்சம் ஓட்டம்தான் தேவை, அவர்களின் பெரிய துடுப்பாட்டக்காரர் நிலைத்து நிற்கிறார். ஸ்குயர் லெக்கில் யார் என்று பார்த்தால் விட்கொம். நான் அரைக் கைச்சட்டை போட்டிருந்தேன்.

முதல் பந்தைத் துடுப்பாட்டக்காரர் தூக்கி மைதானத்துக்கு வெளியே அடித்தார். இரண்டாவதையும் அதே இடத்துக்கு. சனம் சிரித்தது. எங்கள் அணித் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். என் தோள் கெஞ்சியது, ஒன்றே ஒன்று, விரைவாக. ஆள் முன்காலை நீட்டிக் காத்திருக்கிறார், காலில் பட்டு ஆட்டமிழப்பார், நிச்சயம்.

ஓட்டத்தின் முடிவில் நான் பந்து போடும் கோடுவரை போகவில்லை. அதற்கு ஒரு முழ தூரம் பின்னாலேயே நின்று, முந்திய பந்துகளைவிட மெதுவாக, இன்னும் உயரமாகத் திருப்பிவிட்டேன். அந்த வெறும் மண்டபத்தில், அவசரத்தை விட்ட நாட்களில் பிடிபட்ட பந்து அது. அவர் முன்னால் பாய்ந்து வந்துவிட்டார். பந்து வரவில்லை. மட்டை சுற்றி முடிந்த பிறகுதான் பந்து விழுந்தது, திரும்பியது, விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. அவர் கோட்டுக்குத் திரும்புமுன் விக்கெட்டின் மேலிருந்த பெயில்ஸ் பறந்தன. வேண்டுகோள் ஸ்குயர் லெக்குக்குத்தான். விட்கொம் ஒரு கணம்கூட யோசிக்காமல் விரலை உயர்த்தினார்.

அந்த ஆட்டத்தை வென்றோம். அந்த ஓவரின் முடிவில் விட்கொம் என் பக்கத்தால் நடந்துபோகும்போது, போன ஆகஸ்டில் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். என் வெறும் முழங்கையைப் பார்த்தார்.

"இன்றைக்கு நல்ல வெயில்" என்றார்.

ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு ஏழு பருவம் ஆடினேன். என் நல்ல வருடங்கள் எல்லாம் அந்த ஏழுதான். ஒரே பந்தை மெதுவாக, உயரமாக, அகலமாக, பின்னாலிருந்து, முன்னாலிருந்து என்று எத்தனை விதமாகப் போடலாம் என்பது இரண்டு பந்து இருந்தவரை எனக்குத் தெரியவே இல்லை. குளிர்காலம் வந்தால் மொன்றியலுக்கு வருவேன். பயிற்சிக்கு என்று வீட்டாருக்குச் சொல்வேன். அக்கா நம்பியதாகத் தெரியவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் வதனிக்கும் எனக்கும் கலியாணம். ஆட்டத்தை விட்ட பிறகு இங்கேயே வந்து, ஒரு விளையாட்டரங்கில் வேலை பார்த்து, கர்க்லாண்டில் வீடு வாங்கி, கழகத்துக்கும் பந்து போட்டேன். மகளுக்குப் பிரெஞ்சும் நீச்சலும்தான் பிடிக்கும். அதுவும் நல்லதுதான்.

கார்த்திக், உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெதுவாகப் போட்டால் பாஸ் ஆகும். நிச்சயமாக ஆகும். அந்தச் சாமானை ஏமாற்றுவது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேர் சேர்ந்து பந்து போட வேண்டியிருக்கும். ஒருவரை மற்றவர் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே ஆளுக்குக் களைத்துப்போகும். எனக்குக் களைத்தது. தேறாத ஒரு பந்தைக் கைவிட்டபோது எனக்கு இழப்பு ஒன்றும் வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

போன செப்டெம்பரில் தோள் போதும் என்று சொல்லிவிட்டது. என் கடைசி ஆட்டம் வழக்கமான பூங்காவில்தான். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. எட்டு ஓவர் போட்டேன், ஒரு விக்கெட் விழுந்தது, ஆட்டத்தில் தோற்றோம். எல்லாரும் கைகொடுத்தார்கள். காரில் ஏறியதும் வதனி தன் தொலைபேசியை நீட்டினாள்.

"இதைப் பாருங்கோ."

நான் கடைசியாகப் போட்ட ஓவர். எங்கிருந்தோ, மரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். பிறகு இன்னொரு படம் வந்தது. கழகத்துக்காரர் பிரியாவிடைக்காக முக்காலி வைத்து, எனக்குத் தெரிய எடுத்தது. இரண்டையும் மாறி மாறி ஓடவிட்டாள். நிறுத்தினாள். விரலால் முழங்கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பழையபடி.

"என்ன? பிழையோ?" என்றேன். கார்ச் சாவியைத் திருப்பாமல் எட்டிப் பார்த்தேன்.

"இல்லை" என்றாள் வதனி. "ஒராள்தான்."